ஒரு கணக்கு, ஒரு வாங்கு, நாலு விடை

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு பின்னேர ரியூசன் கொட்டில், 9ஆம் தரம். எக்ஸுக்குப் பதிலாக 'க' என்று வைத்துக்கொண்டால் பலகையில் கிடக்கும் சமன்பாடு இது:

3[2(க − 4) − (க − 7)] = 15

ஐந்து நிமிடத்தில் முன் வாங்கிலிருந்து நாலு விடை வருகிறது: 6, 20, 2, 13. நாலும் முழு எண், அதுதான் கொடுமை. பின்னமாக வந்திருந்தால் தாங்களே அழிறப்பரைத் தேடியிருப்பார்கள். "வடிவா முழு எண் வந்திருக்கு, மறுகா என்ன சேர் பிழை?"

20 வந்த கொப்பியில் −(க − 7) என்பது −க − 7 ஆகிக் கிடக்கிறது. சய (−) வாசலில் நின்ற 'க'வைப் பிடித்ததோடு சரி, உள்ளே இருந்த 7ஐ யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறைக் குறிக்குப் பேரே மறை. தனக்குப் பின்னால் ஒரு 1ஐ மறைத்துக்கொண்டுதான் நிற்கும். அந்த 1ஐ வெளியே எழுதிவிட வேணும்: −1(க − 7). −1 × −7 = +7. ஆக −க + 7.

2 வந்த பிள்ளைக்கு 2(க − 4) என்பது 2க − 4. பந்தியில் முதல் ஆளுக்கு மட்டும் சோறு போட்டுவிட்டுச் சட்டியோடு போய்விட்ட கதை. பக்கத்தில் இருந்த 4 பட்டினி. வர வேண்டியது 2க − 8.

13தான் சுவையானது. அடைப்பெல்லாம் ஒழுங்காக நீக்கி 3(க − 1) = 15 வரை வந்தாயிற்று. அடுத்த வரி: க − 1 = 15 − 3. "அங்கால போனா குறி மாறும்தானே சேர்!" சமன் குறியின் இரண்டு கோடும் கல்லடியில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் பழைய பாலமும் புதுப் பாலமும் போலத்தான் இவர்களுக்கு, ஏறி அக்கரை போனால் ஆளே மாறிவிடும். உண்மையில் எதுவும் கடந்து போவதில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம். 3 பெருக்கிக்கொண்டு நிற்பதால் இரு பக்கத்தையும் 3ஆல் வகுக்க வேணும். க − 1 = 5, க = 6.

பொதுவாக உள் அடைப்பை முதலில் நீக்கி வெளியே வருவதுதான் முறை. இந்தக் கணக்கில் 15ஐ 3 மிச்சமில்லாமல் வகுப்பதால் முதல் வரியிலேயே வகுத்துச் சதுர அடைப்பைக் கழற்றியும் விடலாம். நோகாத வேலை.

கடைசியில் 20 வந்த பெடியனிடம் 'க' இருக்கும் இடத்தில் 20ஐப் பிரதியிட்டுப் பார்க்கச் சொல்கிறார் சேர். விரிக்கத் தேவையில்லை, வெறும் எண்தான்: 2 × 16 = 32, அதில் 13 போக 19, மும்மடங்கு 57. வலப்பக்கம் 15. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான்.

"அந்த 15ஐ நீங்க சரியாத்தான் எழுதினீங்களா சேர்?"