ஓபிடுஷில் குடியிருப்புச் சான்று வாங்கிய கதை

போர்த்துகலில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்ட காகிதங்களில் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இல்லை. 'அடெஷ்டாது த ரெசிடென்சியா', அதாவது இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்பதற்கான சான்று. வாடகை ஒப்பந்தம் என்னோடு தங்கியிருக்கும் நண்பர் பெயரில் இருந்தது. கரண்டு பில், தண்ணீர் பில் எல்லாமே அவர் பெயரில்தான். பேரிக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. அங்கே தரும் சம்பளச் சீட்டில் என் பெயர் இருந்தது, ஆனால் லிஸ்பனில் இருந்தபோது கொடுத்த பழைய முகவரியோடு.

ஊர் ஓபிடுஷ். எழுத்தைப் பார்த்தால் ஓபிடோஸ் என்று படிக்கத் தோன்றும், ஊர்க்காரர் வாயில் கடைசி எழுத்து 'ஷ்' ஆகிவிடும். லிஸ்பனுக்கு வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். மதில் சூழ்ந்த குன்று, உச்சியில் கோட்டை, சுற்றிலும் பேரிக்காயும் ஆப்பிளும். வெளியூர்க்காரர்கள் பகலில் வந்து, சாக்லேட் கோப்பையில் 'ஜிஞ்ஜா' என்னும் செர்ரி மதுவைக் குடித்துக் கோப்பையையும் தின்றுவிட்டு மாலையில் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் மதிலுக்கு வெளியே, கீழே இருந்தோம்.

சான்று என்றால் பெரிய ஆபீசில்தான் கிடைக்கும் என்று நினைத்து நேரே 'காமரா முனிசிபா'லுக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் 'காமரா உள்' என்று ஓர் அறை இருக்குமே, அதே போர்த்துகீசியச் சொல்தான். காமரா என்றால் அறை. ஊர் நிர்வாகம் கூடும் அறையின் பெயர் நிர்வாகத்துக்கே ஆகிவிட்டது. கட்டடம் சான் பெத்ரு தேவாலயத்துக்கு எதிரில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜொசெஃபா த ஓபிடுஷ் என்ற ஓவியரை அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒரு பெண் ஓவியம் வரைந்தே பேரும் வருமானமும் சம்பாதித்த ஊர் இது.

காமராவில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இது எங்கள் வேலை இல்லை. ஜுன்டாவுக்குப் போங்கள். எந்த ஃப்ரெகெசியா நீங்கள்?"

எனக்குத் தெரியவில்லை. முகவரியைப் பார்த்து அவரே சொன்னார்.

போர்த்துகலில் மொத்தம் 308 முனிசிபாலிட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சில ஃப்ரெகெசியாக்கள். இந்தச் சொல்லுக்கு நம் கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பங்கு'தான் சரியான தமிழ். ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த மக்கள். 1830களில் அரசு அந்தப் பங்குகளையே அடிமட்ட நிர்வாகமாக எடுத்துக்கொண்டது. இன்று அதற்குத் தனித் தேர்தல், ஒரு சபை, அதிலிருந்து 'ஜுன்டா' என்ற சிறு குழு, ஒரு தலைவர். அவர் பதவி வழியிலேயே முனிசிபல் சபையிலும் உறுப்பினர். இடுகாடு, சந்துபொந்துகளின் துப்புரவு, நாய்க்கு லைசென்ஸ், என்னைப் போன்றவர்களுக்குச் சான்று, இதெல்லாம் ஜுன்டாவின் வேலை.

மதிலைச் சுற்றி இருந்தவை சாந்தா மரியா, சான் பெத்ரு என்று இரண்டு பங்குகள். 2013-ல் இவற்றோடு சொப்ரால் த லகோவாவையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். 2011-ல் நாடு கடனில் மூழ்கி வெளியிலிருந்து உதவி வாங்கியபோது சொன்ன சிக்கன நிபந்தனைகளின் விளைவு. நாடு முழுக்க 4,200-க்கு மேல் இருந்த ஃப்ரெகெசியாக்கள் 3,100-க்கும் கீழே வந்தன. காகிதத்தில் ஒன்றாகிவிட்டாலும் ஆட்கள் ஒன்றாகவில்லை. இன்றும் "நான் சான் பெத்ரு" என்று அழுத்திச் சொல்கிற பாட்டிகள் உண்டு.

சரி, ஜுன்டாவுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா நாய்க்கு லைசென்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். சிப் எண், வெறிநோய்த் தடுப்பூசி அட்டை, கட்டணம். ஐந்து நிமிடத்தில் நாய் ஊர்க்காரன் ஆகிவிட்டது. என் முறை வந்தது. ஒப்பந்தம் இல்லை என்றதும் அந்தப் பெண் விதியைச் சொன்னார்: ஜுன்டாவிலோ சபையிலோ இருக்கும் யாராவது ஒருவருக்கு நான் இங்கே குடியிருப்பது நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த ஃப்ரெகெசியாவின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும்.

"என்னோடு வேலை செய்பவர்கள் பத்துப் பேர் வருவார்கள்."

"ஓட்டு இருக்கிறதா அவர்களுக்கு?"

இல்லை. கொட்டகையில் இருந்த நேபாளிகளுக்கும் பஞ்சாபிகளுக்கும் எனக்கும் இந்த நாட்டில் ஓட்டு கிடையாது. பத்துப் பேர் இருந்தும் சாட்சிக்கு ஆளில்லை.

எனக்குத் தெரிந்த ஓட்டுக்காரர்கள் யார் யார் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் இரண்டே பேர். ஒருவர் கீழே காபிக்கடையில் தினமும் என் பக்கத்து மேசையில் உட்காரும் பெரியவர். இன்னொருவர் ரொட்டிக்கடையில் நிற்கும் பிரேசில்காரி. அவரும் வெளிநாட்டவர்தானே என்று முதலில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பிரேசில்காரர்கள் இரண்டு வருஷம் சட்டப்படி இங்கே இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஜுன்டாவிலேயே பதிந்துகொள்ளலாம். அவர் 2021 செப்டம்பர் தேர்தலில் ஓட்டுப் போட்டவர். கேட்டதும் "எந்த நாள், எத்தனை மணிக்கு?" என்றார், அவ்வளவுதான்.

பெரியவர் அப்படி இல்லை. சர்க்கரைப் பொட்டலத்தை விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார். "நீ இங்கே காபி குடிப்பது எனக்குத் தெரியும். எங்கே தூங்குகிறாய் என்று தெரியாதே. தெரியாததற்குக் கையெழுத்துப் போட்டால் அது குற்றம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. "வந்து பாருங்கள்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி நிஜமாகவே வந்துவிட்டார். அறையைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் தொங்கிய என் வேலைச் சட்டையைப் பார்த்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார், ஆனாலும் மீதி வைக்கவில்லை. ஜன்னலைக் காட்டி இதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். 'ஜன்னல்' என்றேன். "ஜனேலா!" என்று தொடையில் தட்டினார். சாவிக்கு 'சாவி' என்றதும், நான் போர்த்துகீசியம் கற்றுக்கொண்டு ஏமாற்றுகிறேன் என்று சந்தேகப்பட்டார்.

வெளியே வந்து கல்வளைவுகளைக் காட்டினார். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளம், ஊசெய்ராவில் இருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம். 16ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஜுவான் அரசரின் மனைவி கத்தரினா கட்டவைத்தது. சும்மா இல்லை, பதிலுக்கு ஊரின் வயல்நிலம் ராணிக்குப் போனது. "வரியும் ராணிக்கு, தண்ணீரும் ராணியிடமிருந்து" என்றார் பெரியவர். 1282-ல் தினிஷ் அரசர் இந்த ஊரைத் தன் மனைவி இசபெல்லுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார். அதிலிருந்து 19ஆம் நூற்றாண்டுவரை ஓபிடுஷ் ராணிகளின் சொத்து. அதற்கும் முன்னால், 1148-ல் முதல் அரசர் அஃபோன்சு என்ரிகெஷ், மூர்கள் எனப்பட்ட முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து இதைப் பிடித்தார். அந்த ஜனவரி 11-தான் இன்றும் ஊருக்கு உள்ளூர் விடுமுறை.

திங்கட்கிழமை மூவரும் சந்திப்பதற்குப் பெரியவர் சொன்ன இடம் சாந்தா மரியா சதுக்கத்தின் கல்தூண். 'பெலூரின்யு' என்பார்கள். குற்றவாளியைக் கட்டிவைத்து ஊருக்குக் காட்டிய தூண். இந்த ஊருக்குத் தன் நியாயத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு என்பதன் அடையாளம். அதில் ஒரு பக்கம் அரச சின்னம், இன்னொரு பக்கம் ஒரு மீன்வலை. 1491-ல் இளவரசர் அஃபோன்சு தேஷு ஆற்றங்கரையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது மீனவர்கள் அவரை வலையில் தூக்கி வந்தார்கள் என்றும், அவர் தாய் லியோனோர் ராணி அந்த வலையையே தன் சின்னமாக எடுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அந்த ராணியின் தம்பி மனுவேல் அரசரானபோது, 1513-ல் ஊருக்குப் புது உரிமைப் பட்டயம் கொடுத்தார். பத்துத் தடவை அந்தத் தூணைக் கடந்து போயிருக்கிறேன், வலை இருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

ரொட்டிக்கடைக்காரி வரத் தாமதம் ஆனது. அந்த நேரத்தில் பெரியவர் இன்னொன்றைச் சொன்னார். 1973 டிசம்பர் 1 அன்று சர்வாதிகாரத்தின் மேல் கசந்துபோன ராணுவ கேப்டன்கள் இந்த ஊரில்தான் ரகசியமாகக் கூடினார்கள். ஐந்து மாதத்துக்குள், 1974 ஏப்ரல் 25-ல் ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை காமராவின் தலைவரை லிஸ்பன்தான் நியமித்தது. 1976 டிசம்பர் 12-ல் முதல் உள்ளாட்சித் தேர்தல். "அன்று மழையா வெயிலா என்று மறந்துவிட்டது. ஓட்டுச்சீட்டை மடித்தது ஞாபகம் இருக்கிறது" என்றார்.

ஜுன்டாவில் படிவம் நிரப்பும்போது புதுச் சிக்கல். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. இங்கே ஒவ்வொருவருக்கும் அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று வால் நீளும். "அபெலீடு?" என்றார் அந்தப் பெண். எங்களுக்கு அப்பா பெயர்தான் முன்னெழுத்து என்று விளக்கினேன். அப்பா பெயர் வேறு கட்டத்தில் தனியாகக் கேட்டிருந்தது. "அப்படியானால் உங்கள் அப்பா இரண்டு தடவை வருவாரா?" என்றார். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுதுவது என்று முடிவானது. இதை மாற்றி எழுதி மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும், அதனால் யாராக இருந்தாலும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். எதற்காகச் சான்று என்ற கட்டத்தையும் சரியாக நிரப்புங்கள், அந்தக் காரணம் சான்றிலேயே அச்சாகிறது.

சாட்சிகள் அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசிவரை படித்தார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். இரண்டு நாளில் தலைவர் கையெழுத்தோடு சான்று வந்தது. செலவு சில யூரோ. கீழே 'செலு பிராங்கு', மையே இல்லாத அழுத்து முத்திரை. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும், விரல் வைத்தால் மேடாக உணரலாம். பஸ்ஸில் லிஸ்பன் போகும் வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டே போனேன்.

அங்கே தங்கும் அனுமதி ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்தவர் முத்திரைமேல் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டு ஃபைலில் வைத்தார். பத்து விநாடிகூட ஆகவில்லை.

போன மாதம் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்த நேபாளிப் பையன் என்னிடம் வந்தான். அவனுக்கும் அதே காகிதம் வேண்டும், நான் சாட்சியாக வர முடியுமா என்றான். எனக்கு ஓட்டு இல்லையடா தம்பி என்றேன். காபிக்கடைக்குக் கூட்டிப்போனேன். பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சர்க்கரைப் பொட்டலத்தைத் தட்டியபடி கேட்டார்: "எங்கே தூங்குகிறாய்?"