தண்டையார்பேட்டை மொட்டைமாடியிலிருந்து கம்போடிய நடனப் பள்ளிக்கு

கம்போடியா போகிறேன் என்று சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். "அங்க ஆளப் புடிச்சி வெச்சிக்கிறாங்களாமே, வேணாம் கண்ணு."

அம்மாவின் பயம் சும்மா வந்ததல்ல. வேலை வாங்கித் தருவதாக அழைத்துப் போய் இணைய மோசடிக் கும்பல்களிடம் நம் ஊர்ப் பையன்களை மாட்டிவிட்ட செய்திகள் 2024-இல் அடுத்தடுத்து வந்தன. போலி வேலை அழைப்பை நம்ப வேண்டாம் என்று இந்தியத் தூதரகமே எச்சரித்தது. அதனால் நான் போய் வந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். இதே ஆசையோடு இருக்கும் யாருக்காவது உதவட்டும்.

பகலில் மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு பிள்ளைகளுக்கு பரதம் சொல்லித் தருகிறேன். தட்டுக்கழியும் தாளமும் என் கையில்தான் இருக்கும். அனுமார் ஒரு கடற்கன்னியைத் துரத்தும் கம்போடிய நடனம் ஒன்றைக் கைப்பேசியில் தற்செயலாகப் பார்த்தேன். சேது கட்டப் போட்ட கல்லையெல்லாம் மீன்கள் எடுத்துக்கொண்டு போகின்றன, அவற்றுக்குத் தலைவி சொவன் மச்சா. அவர்களுடைய இராமாயணமான ரியாம்கேரில் வரும் கதை, கம்பனில் கிடையாது. அந்தப் பெண்ணின் விரல்கள் மணிக்கட்டை நோக்கிப் பின்னால் வளைந்திருந்ததைப் பார்த்து, இந்தக் கையை எப்படிப் பழக்குகிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

தன்னார்வலராகப் போய் அங்கே ஒரு நடனப் பள்ளியில் உதவியாக இருக்கலாம் என்று தேடினேன். முதலில் கிடைத்த ஏற்பாட்டு நிறுவனம் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கான பணத்தைக் கட்டினால் அடுத்த மாதமே வரலாம், பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், படம் எடுக்கலாம் என்றார்கள். விசாரித்தபோதுதான் அது பள்ளி இல்லை, ஆதரவற்றோர் இல்லம் என்று தெரிந்தது. ராத்திரியானால் பிள்ளைகள் சுற்றுலாப் பயணிகள் முன்னால் ஆடுகிறார்கள். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள் என்று அப்புறம் படித்தேன். வெளியூர்க்காரர் பணமும் பரிவும் வந்துகொண்டே இருப்பதால்தான் பிள்ளைகள் வீட்டைவிட்டு அங்கே போய்ச் சேருகிறார்கள். அன்றே அதை விட்டுவிட்டேன். எதுவுமே கேட்காமல் பிள்ளைகளிடம் அனுப்பிவைக்கும் இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள்.

இரண்டாவதாக எழுதியது புனோம் பென்னை ஒட்டிய ஒரு சிறிய கலைப் பள்ளிக்கு. பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்து கற்றுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கே போய்விடுகிற இடம். அவர்கள் கேட்ட பட்டியல் நீளம்: காவல்துறைச் சான்றிதழ், என்னைத் தெரிந்த இரண்டு பேருடைய கடிதம், இரண்டு முறை காணொளி அழைப்பில் பேச்சு, குறைந்தது ஆறு வாரம் தங்குவேன் என்ற உறுதி. கூடவே நான்கு பக்க ஒப்பந்தம். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. சொந்தக் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு மட்டும் எதுவும் வாங்கித் தரக் கூடாது. ஆசிரியர் சொல்லாமல் பிள்ளையின் உடம்பைத் தொட்டு நிலை திருத்தக் கூடாது. பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவளிடம் இதையெல்லாம் கேட்கிறார்களே என்று முதல் நாள் மனசு வலித்தது. மறுநாள் காலையில் என் மாணவிகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒருவர் அவர்கள் நடுவே ஆறு வாரம் இருக்க வருகிறார் என்றால் நானும் இதைத்தானே கேட்பேன்? கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

காவல்துறைச் சான்றிதழுக்கு பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டினேன். அமைந்தகரை மையத்தில் நேரம் கிடைத்தது, அங்கே அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சிக்கல் விசாரணையில் வந்தது. சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கதவு எண் இருக்குமே, என் பாஸ்போர்ட்டில் பழையது, ஆதாரில் புதியது. இரண்டும் வேறு வேறு வீடு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு எண்ணும் போட்டிருக்கிற வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு நாலு தடவை நடந்தேன். மூன்று வாரம் போனது. நீங்கள் முதல் நாளே அந்த ரசீதின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுலாவுக்கு 'டி' வகை, மற்ற காரியங்களுக்கு 'ஈ' வகை. சுற்றுலா விசாவை ஒரே ஒரு தடவை, ஒரு மாதத்துக்குத்தான் நீட்டிக்க முடியும். பள்ளி சொன்னபடி நான் ஈ வகையே எடுத்தேன், 35 டாலர். அங்கே போனபிறகு அவர்களே நீட்டித்துக் கொடுத்தார்கள்.

மீனம்பாக்கத்தில் குடியேற்ற அதிகாரி "கம்போடியாவா? தனியாவாம்மா?" என்று கேட்டுப் பாஸ்போர்ட்டை மூடி வைத்துவிட்டார். பள்ளியின் அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முகவரி, கடையில் கொடுத்த விடுப்புக் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பள்ளித் தொலைபேசி எண்ணை அம்மாவிடம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். கொடுத்திருக்கிறேன் என்றதும் முத்திரை குத்தினார். அந்தக் கேள்விக்காக அவரை இன்னும் நன்றியோடு நினைக்கிறேன்.

அங்கே ஆசிரியரை 'க்ரூ' என்கிறார்கள். நம் குருதான். ஆசிரியருக்கு வணக்கம் செலுத்தும் சம்பியா க்ரூ சடங்கும் வியாழக்கிழமையில்தான். மெழுகுவத்தி, ஊதுவத்தி, வாழைப்பழம் எல்லாம் வைத்து அவர்கள் கும்பிட்டபோது நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கும்பிட்டேன், குருவாரம் என்று எங்கள் ஊரிலும் சொல்வோம் என்றேன். அங்கிருந்த பெரியவர்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்த நாட்டுக் கலைஞர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்துபோனதாகச் சொல்கிறார்கள். மிஞ்சினவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஞாபகத்திலிருந்து ஆடிக் காட்டி, ஒட்டவைத்துக் கொண்டுவந்த நடனம் இது. அரண்மனை நடனத்தை 2008-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பிள்ளைகள் காலையில் சம்போத் துணியைப் பஞ்சகச்சம் மாதிரி கட்டிக்கொண்டு தரையில் வரிசையாக உட்காருவார்கள். முதல் வேலை விரல். ஒரு கையால் மறு கையின் நான்கு விரல்களையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் வளைத்து, மொய், பீ, பெய், புவன் என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் விடாமல் சொன்னாள். கை என்னையறியாமல் அவள் பக்கம் போனது. ஒப்பந்தம் ஞாபகம் வர, மடியில் வைத்துக்கொண்டேன். ஆசிரியை வந்து அவள் முழங்கையைத் தன் முட்டியில் தாங்கிக்கொண்டு மெல்ல அழுத்தினார். எந்த அளவுக்கு அழுத்தலாம் என்பது அந்தக் கைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.

என் வேலை வேறு. வருகைப் பதிவு, துணிகளை எண்ணி அடுக்குவது, பெரிய பிள்ளைகளுக்கு தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம். நிகழ்ச்சி நாளில் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது. அவர்கள் உடையை ஆடுகிறவர் உடம்பிலேயே வைத்துத் தைத்துவிடுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் பிரிக்க வேண்டும். அன்று நூறு ஊசிக்காவது நூல் கோத்திருப்பேன்.

நாலாவது வாரம் சம்போர் வாசிக்கும் பெரியவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். சோற்றையும் சாம்பலையும் பிசைந்து அந்த மத்தளத்தின் தோலில் அப்பிக்கொண்டே, 'சிங்' என்கிற சின்னத் தாளத்தை என்னிடம் நீட்டினார். திறந்து தட்டினால் 'சிங்', மூடித் தட்டினால் 'சாப்'. இதென்ன கஷ்டம், நட்டுவாங்கம் பழகிய கைதானே என்று தொடங்கினேன். பிள்ளைகள் இடறினார்கள். நமக்கு தாளச் சுற்றின் எடை விழும் இடம், 'சமம்' என்பது, முதல் தட்டில். அங்கே சுற்று முடியும் இடத்தில், அந்த மூடிய சாப்பில்தான் எடை இறங்குகிறது. நான் தொடங்கும் இடத்தை அழுத்த, அவர்கள் கால் முடியும் இடத்துக்குக் காத்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் என் மணிக்கட்டில் ஒரு விரலை வைத்து, சாப் வரும்போது மட்டும் அழுத்தினார். மூன்று நாள் அப்படியே உட்கார்ந்தோம். நாலாம் நாள் அந்த விரல் வரவில்லை, பிள்ளைகள் கால் சரியாக விழுந்தது.

ஊர் வந்ததும் மொட்டைமாடியில் இரண்டு காரியம் செய்தேன். என் வகுப்புப் பிள்ளைகளின் படங்களை இத்தனை நாள் யாரையும் கேட்காமல் வாட்ஸ்அப் நிலையில் போட்டுவந்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு அம்மாவிடமும் எழுதி வாங்கினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். இத்தனை வருஷம் அதைச் சொல்ல அவர்களுக்கு நான் இடமே தரவில்லை. அப்புறம் சொவன் மச்சா கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். "அவ யாரோட பொண்ணுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். ராவணனுடைய மகள் என்று அங்கே சொல்கிறார்கள் என்றேன், அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். காவல்துறைச் சான்றிதழை மீண்டும் புதிதாக எடுக்க வேண்டும். இரண்டு கதவு எண்ணையும் சேர்த்தே எழுதப் போகிறேன்.