பெட்டி படுத்துத்தான் போகும்: சைக்கிளை விமானத்துக்குக் கட்டும் விதம்

சைக்கிள் பெட்டியில் அம்புக்குறி எத்தனை வரைந்தாலும், 'இந்தப் பக்கம் மேலே' என்று எத்தனை மொழியில் எழுதினாலும், விமானத்தின் வயிற்றில் அது படுத்துத்தான் போகும். அதன்மேல் நாலு சூட்கேஸ் ஏறும். யாரோ தூக்கி எறிந்து உடைந்த சைக்கிள்கள் குறைவு. பக்கவாட்டில் அமுக்குப்பட்டு ஹேங்கர் (பின் கியரைத் தாங்கும் சிறு உலோகத் துண்டு) வளைவது, ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகடு) நெளிவது, ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) இரண்டு காலும் உள்ளே நெருங்குவது, பெட்டிக்குள்ளேயே ஒன்றோடொன்று உரசிப் பெயின்ட் போவது, இவைதான் நாங்கள் அதிகம் பார்ப்பது. கீழே உள்ள வேலை முழுவதும் இதை மனதில் வைத்துத்தான். சைக்கிள் எது என்றால், டிஸ்க் பிரேக் போட்ட, 700சி அளவுச் சக்கரம் கொண்ட ரோடு பைக், பிரேம் 54 அல்லது 56 சைஸ்.

முதலில் ஒரு ஆசையைத் தீர்த்துவிடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ.க்குள் (62 அங்குலம்) வந்தால் பொதுவாக அது சாதாரண லக்கேஜ், அளவுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது. முழு சைக்கிளை அதற்குள் அடக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். டயர் இல்லாத 700சி ரிம்மின் வெளிவிட்டமே 63, 64 செ.மீ. வரும். ஆகவே 66 × 66 × 26 செ.மீ. பெட்டி என்றால் சக்கரம் போகும், கூட்டுத்தொகையும் சரியாக 158. ஆனால் ஃபோர்க்கைக் கழற்றிய பிறகும் பிரேம் முன்னிருந்து பின்வரை 85 செ.மீ.யைச் சுற்றி வரும், அது போகாது. ரிட்சி பிரேக்-அவே போலவோ, எஸ் அண்ட் எஸ் கப்ளிங் வைத்த பிரேம் போலவோ நடுவில் பிரிகிற பிரேமுக்குத்தான் அந்தப் பெட்டி. மற்றவர்கள் ஓவர்சைஸ் என்று ஒத்துக்கொண்டு, டிக்கெட் போட்ட உடனேயே விமான நிறுவனத்தில் சைக்கிளைப் பதிவு செய்துவிடுவது நல்லது. ஏடிஆர் 72 போன்ற சிறு விமானம் போகும் தடமென்றால் சரக்கறையில் இடம் குறைவு. கனெக்டிங் ஃப்ளைட் இருந்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். பெரிய சைக்கிள் கடைகளில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி கிடைக்கும். 140 × 80 × 20 செ.மீ. அளவு, ஐந்தடுக்கு அட்டை, 4 முதல் 5 கிலோ. ஹார்டு கேஸ் என்றால் காலிப் பெட்டியே 10 கிலோவைத் தாண்டும். உள்நாட்டு எகானமியில் பொதுவாகக் கிடைக்கும் 15 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். 9 கிலோ சைக்கிளோடு அட்டைப்பெட்டி 14-ல் நின்றுவிடும். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஹார்டு கேஸை எங்கே விட்டு வைப்பது?

கடைக்காரரிடம் பெட்டியோடு இன்னும் மூன்று சாமான் கேட்டு வாங்குங்கள்: ஃபோர்க் கால்களுக்கு நடுவே வைக்கும் பிளாஸ்டிக் ஸ்பேசர், ஆக்சில் மூடிகள், பிரேக் பேட் ஸ்பேசர். புது வண்டியோடு வந்து குப்பைக்குப் போகிறவை இவை. டியூபுகளைச் சுற்ற பபுள் ரேப்பைவிட ஏசி மெக்கானிக்குகள் காப்பர் பைப்பின்மேல் போடும் கறுப்பு ஃபோம் குழாய் பிரமாதம். நீளவாக்கில் கீறி அப்படியே மாட்டலாம், நழுவாது. ஆறு மீட்டர் போதும். கேபிள் டை முப்பது, பிரவுன் டேப் பெரிய ரோல் ஒன்று, முக்கால் அங்குல பிவிசி பைப் ஒரு மீட்டர்.

கழற்றுவதற்கு முன் செயினை முன்னால் பெரிய பல்லுக்கும் பின்னால் மிகச் சிறிய பல்லுக்கும் கொண்டுவாருங்கள். பின்னால் சிறியது என்றால் கியர் கேபிள் தளர்ந்திருக்கும். முன்னால் பெரியது ஏன் என்பது பெடலைக் கழற்றும்போது கை வழுக்கினால் தெரியும்: செயின் மூடாத பற்கள் விரல் முட்டியைக் கிழித்துவிடும்.

சைக்கிள் தரையில் நிற்கும்போதே பெடல். 15 எம்எம் ஸ்பேனர், அல்லது பின்பக்கம் 8 எம்எம் ஆலன் கீ. இடது பெடலின் மரை எதிர்த்திசை. குழப்பமே வராமல் இருக்க ஒரு வழி: ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்தி வண்டியின் பின்சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். நகராவிட்டால் கடையில் கொடுத்துத் தளர்த்தி, கிரீஸ் தடவி மாட்டிக்கொள்ளுங்கள். இதைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே பார்த்துவிட வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் பெடலோடு மல்லுக்கட்டி ஆலன் பள்ளத்தை உருட்டிவிட்டால், அந்தப் பெடலோடு பெட்டி மூடாது.

சீட் போஸ்டை இறக்கும் முன் பிரேம் வாயை ஒட்டி இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. அந்தக் கோடுதான் உங்கள் உயரம். எலக்ட்ரானிக் கியரின் பேட்டரி சில வண்டிகளில் சீட் போஸ்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே இழுத்தால் ஒயர் பிடுங்கிவிடும், மெதுவாக எடுத்துக் கனெக்டரைக் கழற்றுங்கள்.

பெட்டி 140 செ.மீ. என்றால் முன்சக்கரத்தை மட்டும் எடுங்கள், பின்சக்கரம் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிரேமின் பின்கால்களை விரித்துப் பிடிக்க ஹப்பைவிட நல்ல ஸ்பேசர் கிடையாது. பின் ரோட்டரும் காலிப்பருக்குள் (பிரேக் பேடுகள் இருக்கும் கவ்வி) பத்திரம். முன் ரோட்டரைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட வேண்டும். பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது; கண்ணுக்குத் தெரியாத நெளிவு போதும், வழி முழுக்க 'ஷிங்... ஷிங்...' என்று உரசும். ஆறு போல்ட் ரோட்டருக்கு டி25 டார்க்ஸ், சென்டர்லாக் என்றால் அதற்குரிய லாக்ரிங் டூல். கழற்றியதை வெள்ளைத்தாளில் சுற்றி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வையுங்கள். எண்ணெய் பட்ட கையால் தொட்டால் பிரேக் கத்தும். சக்கரம் வெளியே வந்த நொடியே காலிப்பருக்குள் பேட் ஸ்பேசர் போகவேண்டும். இடையில் யாராவது லீவரை அழுத்திவிட்டால் பிஸ்டன் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் உள்ளே நுழையாது. ஸ்பேசர் இல்லையென்றால் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்கு மடித்த அட்டை. ரோட்டர் தடிமன் 1.8 எம்எம்.

அடுத்தது பின் டீரெய்லர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி. பெட்டி வலப்பக்கமாகப் படுத்தால் முதலில் அடி வாங்குவது இதுதான். டீரெய்லர் பிழைத்துக்கொள்ளும், அதைத் தாங்கும் அலுமினிய ஹேங்கர் வளையும். ஏனென்றால் பிரேம் உடையாமல் இருக்கத் தான் வளையவேண்டும் என்றே அதைச் செய்கிறார்கள். 5 எம்எம் ஆலன் கீயால் டீரெய்லரை மட்டும் கழற்றி, செயினோடு பபுள் ரேப்பில் சுற்றி, செயின்ஸ்டேயின் (பெடல் பக்கமிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) உட்புறமாகக் கட்டுங்கள். கேபிளைத் தொட வேண்டாம். இறங்கிய இடத்தில் கியர் டியூனிங் வேலை மிச்சம். பிரேமுக்குப் பிரேம் ஹேங்கர் வேறு. உங்கள் மாடலுக்கான ஸ்பேர் ஒன்று பையில் இல்லாமல் கிளம்பாதீர்கள், போகிற ஊரில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

ஹேண்டில்பாருக்கு ஸ்டெம்மின் (பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) முகப்புத் தகட்டில் உள்ள நாலு போல்டையும் கழற்றினால் போதும். பாரை வெளியே எடுத்துவிட்டுத் தகட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள், போல்ட் தொலையாது. மேலே உள்ள டாப் கேப்பையும் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்டுகளையும் தொடாதீர்கள், இரண்டையும் தளர்த்தினால் ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) தளர்ந்துவிடும். பார் டாப் டியூபுக்கு இணையாக இடப்பக்கம் தொங்கட்டும், ஹைட்ராலிக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) எங்கும் மடங்காமல் வளைவாக இருக்கட்டும். இப்போது வரும் வண்டிகளில் ஹோஸ் முழுக்க ஸ்டெம்முக்குள்ளேயே ஓடுகிறது. பார் தனியாகக் கழன்று வருமா, எந்தப் பக்கம் திரும்பும் என்பது மாடலைப் பொறுத்தது. அதை முதல் முறையாகப் பேக்கிங் அன்று ராத்திரி கண்டுபிடிக்கக் கூடாது.

ஃபோர்க்கில் ஸ்பேசர் போட்டு, அது நிற்கும் இடத்தில் பெட்டியின் அடியில் இரண்டு மடங்கு அட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபோர்க் நுனி அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். கிராங்கை (பெடல் மாட்டும் கை) செயின்ஸ்டேவுக்கு இணையாகத் திருப்பிக் கட்டுங்கள். முன்சக்கரம் பிரேமின் இடப்பக்கம், இடது கிராங்க் ஸ்போக்குகளுக்கு நடுவே நுழைந்து நிற்கும்படி. ஹப்பின் இரு முனையிலும் மூடி, உட்புற முனைக்கும் பிரேம் டியூபுக்கும் நடுவே ஃபோம். மூன்று இடத்தில் டை. இப்போது முழுசும் ஒரே கட்டையாகத் தூக்க வரவேண்டும். ஏதாவது 'கிணி கிணி' என்றால் இன்னும் கட்டுங்கள்.

பெரும்பாலானோர் விட்டுவிடுவது இனிமேல் வருவது. பிவிசி பைப்பைப் பெட்டியின் உள் அகலத்துக்கு, அதாவது 20 செ.மீ.க்கு, நாலு துண்டாக வெட்டுங்கள். பிரேமின் நடு முக்கோணத்தில் ஒன்று, ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்கு மேலே ஒன்று. ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தூண் மாதிரி நிற்கவேண்டும். இரு முனையிலும் உள்ளங்கை அகல அட்டை வட்டம் வைத்து, அருகில் உள்ள டியூபோடு டை போடுங்கள். பெட்டி படுக்கும்போது மேலே ஏறும் பாரம் இந்தத் தூண்களில் இறங்கும், சைக்கிளில் அல்ல.

பெடல், ரோட்டர், த்ரூ ஆக்சில் (சக்கரத்தைப் பிடிக்கும் அச்சு), போல்டுகள் எல்லாம் ஒரே துணிப்பையில், அந்தப் பை பிரேமோடு கட்டப்பட்டு. தனியாகப் போட்டால் கைப்பிடி ஓட்டை வழியாக விழுந்துவிடும். அதற்காக ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். பிடித்துத் தூக்க இடம் இருந்தால் ஆள் தூக்குவார், இல்லையென்றால் தரையில் இழுப்பார். ஓட்டையின் விளிம்பில் டேப் ஒட்டி வலுப்படுத்தினால் போதும்.

டயரில் காற்றை முழுதாக இறக்கச் சொல்வார்கள். வெடிக்கும் என்பது கட்டுக்கதை. சரக்கறையின் அழுத்தம் கேபினைப் போலத்தான். மேலே போனால் டயருக்குக் கூடுவது நாலு பிஎஸ்ஐகூட இல்லை. கவுன்டரில் வாதாட வேண்டாம், 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். ரிம்முக்கு மெத்தையாகக் கொஞ்சம் காற்று இருப்பது நல்லது.

கழற்றக்கூடிய கியர் பேட்டரி, பவர் பேங்க், ஸ்பேர் லித்தியம் பேட்டரி கட்டாயம் கைப்பையில். டூல்கள் எல்லாம் பெட்டியில். காற்றடிக்கும் சிஓ2 குப்பி வீட்டிலேயே இருக்கட்டும். இ-பைக் பேட்டரி பயணி விமானத்தில் போகாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயர் இடுக்கில் மண் துளிகூட இல்லாமல் கழுவி, படிவத்தில் சைக்கிளை அறிவியுங்கள். விலை உயர்ந்த வண்டியோடு வெளிநாடு போனால், கிளம்பும்போதே நம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது 'அங்கே வாங்கியதா?' என்ற கேள்விக்கு அதுதான் பதில். பிரேம் நம்பர் தெரியும் போட்டோவும் பில்லும் தேவைப்படும்.

ஏர்போர்ட் போகும்வரை பெட்டியின் மேல்மடிப்பை முழுக்க ஒட்டாதீர்கள். எக்ஸ்ரேயில் திறக்கச் சொன்னால் திறக்கவேண்டும். டேப் கையில் இருக்கட்டும், மடிப்பின் உட்புறத்தில் எது எங்கே என்று காட்டும் ஒரு போட்டோ ஒட்டியிருக்கட்டும். நீங்கள் பார்க்காத இடத்தில் திறப்பவருக்கு அது உதவும். செக்-இன்னில் 'லிமிடெட் ரிலீஸ்' டேகில் கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள்: பேக்கிங் போதாது, சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் சாரம்.

இறங்கியதும் பெட்டியை ஏர்போர்ட்டுக்குள்ளேயே திறந்து பாருங்கள். அடி இருந்தால் வெளியே வருவதற்குள் பேகேஜ் கவுன்டரில் பிஐஆர் (லக்கேஜ் சேதப் புகார்) போட்டு நகல் வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கான எழுத்துப் புகாருக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்தான்.

மாட்டும்போது முதலில் ஹேங்கரைப் பின்னாலிருந்து பாருங்கள், நேராக இருந்தால் டீரெய்லர். ஸ்டெம் போல்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, தகட்டின் மேல், கீழ் இடைவெளி சமமாக வரும்படி இறுக்குங்கள். அளவு ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். கார்பன் பார் என்றால் இறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரென்ச் கட்டாயம். ஹெட்செட் ஆடினால் ஸ்டெம்மின் பக்கவாட்டுப் போல்டுகளைத் தளர்த்தி, டாப் கேப்பில் ஆட்டத்தை எடுத்து, அதன் பிறகே பக்கவாட்டை இறுக்கவேண்டும். வரிசை மாறினால் டாப் கேப்பை எவ்வளவு திருகினாலும் ஆட்டம் போகாது. முதல் முறை இரண்டு மணி நேரம் பிடிக்கும், பழகினால் முக்கால் மணி.

கட்டும்போது போட்ட டைகளை வெட்டித்தானே எடுக்கவேண்டும்? திரும்பி வருவதற்கு இன்னும் முப்பது டை, அரை ரோல் டேப் அதே துணிப்பையில் வையுங்கள். பிவிசி துண்டுகளை ஹோட்டல் ரூம் சுத்தம் செய்பவர் குப்பை என்று எடுத்துப் போய்விடுவார்; பெட்டியை மடித்து, அதற்குள் வைத்துக் கட்டிவிடுங்கள்.