குழகருக்கு ஒரு புட்டி எண்ணெய்

மாசி மாதத்தின் கடைசி வாரத்தில் அம்மாவும் நானும் வேதாரண்யத்துக்குப் புறப்பட்டபோது, அம்மா தம் பையில் இரண்டு புட்டி நல்லெண்ணெய் எடுத்துவைத்திருந்தார். ஒன்று அவ்வூர்ப் பெரிய கோயிலின் திருமறைக்காட்டு நாதருக்கு. மற்றொன்று அங்கிருந்து தெற்கே, கோடியக்காட்டில் குழகர் என்ற பெயரில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்கு. "பெரிய கோயிலுக்கு எல்லாரும் கொண்டுவந்துவிடுவார்கள். குழகருக்குத்தான் நாம் நினைவாகக் கொண்டுபோக வேண்டும்" என்றார்.

'வேதாரண்யம் விளக்கழகு' என்னும் பழமொழியை நேரில் உணர வேண்டுமானால் விடியற்காலையிலேயே சந்நிதிக்குப் போய்விட வேண்டும். அணையவிருந்த விளக்கின் திரியைத் தன்னையறியாமல் தூண்டிவிட்ட எலி, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தியானது என்பது இத்தலத்தின் வரலாறு. மூலவருக்குப் பின்னே அம்மையும் அப்பனும் மணக்கோலத்தில் காட்சி தருகிறார்கள். அம்பிகையின் திருநாமம் யாழைப்பழித்த மொழியாள். அவள் குரலின் இனிமைக்கு முன் தன் வீணை எம்மாத்திரம் என்று கலைமகள் அதை வைத்துவிட்டதால், இங்கே அவள் வீணையின்றியே இருக்கிறாள்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது திருக்கதவுதான். வேதங்கள் இறைவனைப் பூசித்து அடைத்துவிட்டுப் போன அந்தக் கதவு திறக்கப்படாமலே கிடக்க, அடியார்கள் வேறு வாயில் வழியே சென்று வழிபட்டுவந்த காலத்தில், அப்பரும் சம்பந்தரும் இங்கு வந்தார்கள். சம்பந்தர் கேட்டுக்கொண்டபடி, கதவு திறக்க அப்பர் பாடினார். பதிகம் முடியும் தறுவாயில், 'இரக்கம் ஒன்று இலீர்' என்று அவர் முறையிட்ட பிறகே தாழ் விலகியது. மறுபடி அடைப்பதற்குச் சம்பந்தர் பாடியபோதோ முதற்பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. முதிர்ந்த வயதில் அப்பருக்கு ஏற்பட்ட அந்தச் சிறு மனவருத்தத்தையும் மறைக்காமல் சொல்வதனால்தான் இந்த வரலாறு எனக்கு இவ்வளவு அணுக்கமாக இருக்கிறது. கதவு திறக்கவும் அடைக்கவும் பாடும் ஐதீகத்தை மாசிப் பெருவிழாவில் இன்றும் நடத்துகிறார்கள். திருவிழா முடிந்த அமைதியில் நாங்கள் போனதால், அம்மா அப்பர் பதிகத்தை அங்கே நின்று நிதானமாகப் பாட முடிந்தது.

சந்நிதிக் கடலில் கால் நனைத்துவிட்டுத் தெற்கே திரும்பினால் அகத்தியம்பள்ளி. அகத்தீசுவரரைத் தரிசித்து வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய வரை உப்பளங்கள். 1930 ஏப்ரல் 30 அன்று, திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்த ராஜாஜி உப்பெடுத்துக் கைதானது இந்த மண்ணில்தான், நினைவுத்தூண் இருக்கிறது. பாத்தியோரம் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அம்மாவின் உள்ளங்கையில் ஒரு பிடி உப்பை வைத்தார். பிரசாதத்தை வாங்குவதுபோல இரண்டு கைகளாலும் வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

அதன் பின் காடு. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பல மரங்களின் வடு இன்னும் தெரிந்தாலும், பசுமை மீண்டுவருகிறது. 1967 முதல் சரணாலயமாக உள்ள இந்நிலத்தில் வெளிமான்கள் புல்வெளியில் நின்று எங்களை ஏறிட்டுப் பார்த்தன. தொலைவில் சதுப்பு நீரில் பூநாரைகள் வெளிறிய ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. இராமர் பாதம் இருக்கும் மணல்மேட்டில் சற்றே இளைப்பாறினோம். இந்தப் பக்கம் வருபவர்கள் கையோடு தண்ணீர் கொண்டுவருவது நல்லது. உச்சி வெயிலுக்கு முன்பே குழகர் கோயிலை அடைந்துவிட வேண்டும், நடை சாத்திவிடுவார்கள்.

சேரமான் பெருமாளோடு இங்கு வந்த சுந்தரர், ஆளரவமற்ற இக்காட்டில் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு கண்ணீர் விட்டார். கடற்காற்று இப்படி வீசியடிக்கும் கரையில், பக்கத்தில் ஒரு குடியிருந்தால் குற்றமாகிவிடுமா, உமக்கு யாரையா துணை என்று கேட்டார். இறைவனிடம் பொன்னும் பொருளும் கேட்டுப் பழகிய தோழர், இங்கே எதையும் கேட்காமல் அவருக்காகக் கவலைப்பட்டது நினைக்க நினைக்க நெஞ்சை உருக்குகிறது. அம்பிகை மைத்தடங்கண்ணி உடனிருக்கிறாளே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சுந்தரருக்கு அது போதவில்லை.

நாங்கள் போனபோது சந்நிதியில் வேறு யாரும் இல்லை. குருக்கள் அம்மா கொடுத்த புட்டியைத் திறந்து விளக்கில் மெதுவாக ஊற்றி, கரிபிடித்த திரியின் நுனியைக் கிள்ளித் தூண்டினார். சுடர் நிமிர்ந்ததும் குழகர் திருமேனி துலங்கியது. அம்மா தரையில் அமர்ந்து சுந்தரர் பதிகத்தைத் தொடங்கினார். 'துணை' என்ற சொல் வந்த இடத்தில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, ஈரம் சொட்டும் அரளிப்பூக்களை ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். "தினமும் இவள்தான் கொண்டுவருகிறாள்" என்றார் குருக்கள். அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, விட்ட வரியிலிருந்து மீண்டும் பாடத் தொடங்கினார்.