அக்ராவில் ஒரு ஸ்பின்னரின் பெட்டி

ஜனவரி, இரண்டாம் வாரம்

வேலைக்காக கானா நாட்டின் தலைநகரான அக்ராவுக்கு வந்து இது மூன்றாவது வருடம். இந்த ஊரின் பழைய ஃபங்க், சோல் பாட்டுகளையும் ஹைலைஃப் என்னும் கானாவின் நடன இசைப் பாட்டுகளையும் இத்தனை நாளும் ஃபோனில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சவுண்ட்வே நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'கானா சவுண்ட்ஸ்' தொகுப்பில் ஆரம்பித்த பைத்தியம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்துவைத்து கானாவின் கிட்டார் கலைஞர் எபோ டெய்லரைப் போட்டிருந்தேன். கீழ் வீட்டு ஆன்ட்டி மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "இந்தப் பாட்டெல்லாம் உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டார்.

காலமான அவருடைய கணவர் ஒரு ஸ்பின்னர். இங்கே டிஸ்கோ செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கல்யாணம், துக்கச் சடங்கு, கிளப் என்று ரிக்கார்டு போடுகிறவரை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய ரிக்கார்டுகள் இரண்டு மரப்பெட்டிகளில் கட்டிலுக்கு அடியில் இருந்தன. முதல் பெட்டியில் எல்.பி. என்கிற பெரிய தட்டுகள் 26, நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன 45கள் 15, ஆக 41 தட்டுகள். நான் சுத்தம் செய்து கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றேன். ஆன்ட்டி இரண்டு நிபந்தனை போட்டார். தட்டு எதுவும் காம்பவுண்டைத் தாண்டக் கூடாது. எது முடிந்தாலும் முதலில் கேட்பது அவர்தான்.

நல்ல நிபந்தனைகள். மேற்கு ஆப்பிரிக்காவின் தட்டுகள் பெட்டி பெட்டியாக வெளிநாடு போய்விட்டன. ஐரோப்பாவில் ஏலத்துக்கு வரும் ஒரு தட்டைத்தான் அதைப் பாடியவரின் பேரப்பிள்ளை ஃபோனில் கேட்கிறான். மறுபதிப்பு போடுகிறவர்கள் கலைஞரைத் தேடிப்பிடித்துக் காசு கொடுத்தால் அது பெரிய காரியம், நானே வாங்குவேன். ஆனால் இந்தப் பெட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஜனவரி, கடைசி வாரம்

ஹர்மட்டான் காற்று அடிக்கும் மாதம். சஹாராவிலிருந்து வரும் தூசி முகப்பவுடர் மாதிரி எல்லாவற்றின் மீதும் படிகிறது. ஒரு தட்டைக் கழுவி நிமிர்வதற்குள் அடுத்ததில் ஒரு படலம். ஜன்னலைச் சாத்திவிட்டு, குளியலறையில் வெந்நீரைத் திறந்து ஆவி பிடிக்கவிட்டு, தூசி அடங்கிய பிறகு அங்கேயே உட்கார்ந்து கழுவினேன்.

காய்ச்சி வடித்த நீர் மூன்று பங்கு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு. மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது. பிறகு வெறும் வடிநீரில் அலசல். இது வினைல் தட்டுக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய கால 78 சுற்று அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் தட்டு போய்விடும்.

கழுவும்போதுதான் கவனித்தேன். பல தட்டுகளில் ஒரு பக்கத்தில் ஒரே ஒரு பாட்டு மட்டும் சாம்பல் பூத்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் பளபளவென்று கறுப்பு. ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்டு ஆடிய பாட்டு எது என்பதை ஊசியே எழுதிவைத்திருக்கிறது.

பிப்ரவரி

நான் வாங்கியது பழைய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள். முதலில் போட்ட எல்.பி.யில் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருந்தது. தட்டு தேய்ந்ததுதான் காரணம் என்று இரண்டு நாள் நம்பினேன். அப்புறம் லேபிளின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். எல்.பி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்ற வேண்டும், அதாவது மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. என்னுடையது 97 சுற்றியது. மூன்று சதவீதம் என்பது கேட்க அற்பமாகத் தெரியும். பாட்டில் அது அரைஸ்வரத்தில் பாதி இறக்கம். டிரம்பெட் சோர்ந்துபோகிறது, ஆட்டமும் செத்துவிடுகிறது. பெல்ட் தளர்ந்திருந்தது. புது பெல்ட் வந்து சேர மூன்று வாரம்.

அந்த மூன்று வாரமும் படித்தேன். எபோ டெய்லர் 1960களின் தொடக்கத்தில் லண்டனில் இசை படித்தபோது நைஜீரியாவின் ஃபெலா குட்டியும் அங்கே மாணவர். ஃபெலா பிறகு தன் குழுவோடு கானாவுக்கு அடிக்கடி வந்துபோனார். தன் இசைக்கு 'ஆஃப்ரோபீட்' என்ற பெயர் 1968இல் அக்ராவில் இருந்தபோது அவருக்குத் தோன்றியது. நைஜீரியாவின் லாகோஸ் இசை, அக்ரா இசை என்று நான் தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தது தவறு. இந்தக் கடற்கரை முழுக்க ஆட்கள் போய் வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். ஹெட்ஸோலே சவுண்ட்ஸ் என்ற அக்ரா குழு தென்னாப்பிரிக்காவின் ஹியூ மசெகேலாவோடு சேர்ந்து 1973இல் வெளியிட்ட எல்.பி.யைப் பதிவு செய்ததுகூட லாகோஸில்தான். அந்தக் குழுவை வளர்த்த நெப்போலியன் கிளப் இருந்தது அக்ராவின் ஓசு பகுதியில், நான் வேலைக்குப் போகும் வழியில்.

மார்ச் 6

கானாவின் சுதந்திர தினம். ஆபீஸ் விடுமுறை. புது பெல்ட் போட்டு 100 சுற்று எண்ணிச் சரிபார்த்துவிட்டு, பெட்டியில் இருந்த, அமெரிக்க சோல் பாடகர் வில்சன் பிக்கெட்டின் 45 ஒன்றைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். ஆன்ட்டி கென்கே என்னும் புளித்த மக்காச்சோள மாவு உருண்டையும் பொரித்த மீனும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

1971இல் இதே நாள் இரவு பிளாக் ஸ்டார் சதுக்கத்தில் 'சோல் டு சோல்' கச்சேரி நடந்தது. அமெரிக்காவிலிருந்து பிக்கெட், ஐக்-டினா டர்னர், ஸ்டேபிள் சிங்கர்ஸ், சந்தானா எல்லோரும் வந்து விடிய விடிய வாசித்தார்கள். ஆன்ட்டிக்கு அப்போது பதினெட்டு வயது. வீட்டில் சொல்லாமல் போனாராம். "எல்லாரும் பிக்கெட்டுக்காகத்தான் நின்னோம். ஆனா எனக்கு ஞாபகம் இருக்கறது செருப்பு. காலையில பார்த்தா சதுக்கம் முழுக்க ஒத்தைச் செருப்பு" என்றார். அவருடைய செருப்பில் ஒன்றும் அங்கேயே போய்விட்டது. ஒற்றைக் காலில் செருப்போடு நடந்துவந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்தான் பிற்பாடு ஸ்பின்னர் ஆனவர்.

அதற்குப் பிறகு வந்த கானா தட்டுகளைக் கேட்டால் அந்த அமெரிக்க சோல் எப்படி உள்ளே கரைந்திருக்கிறது என்பது காதுக்குத் தெரிகிறது. கிட்டார், அமெரிக்க ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் வாத்தியக்காரர்கள் மாதிரி வெட்டி வெட்டிப் பேசும். அடியில் தாளம் மட்டும் இந்த மண்ணுடையது, அதை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1973இல் 'சிமிக்வா-டோ' பாட்டில் க்யெடு-பிளே அம்போலே பாதி பாடியும் பாதி பேசியும் போவதைக் கேட்டாலே போதும்.

ஏப்ரல்

இந்த மாதம் நான் செய்த தப்பைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும்.

கானா பாடகர் கே. ஃப்ரிம்பாங்கின் 1976ஆம் வருட எல்.பி. ஒன்று பெட்டியில் இருந்தது. அதன் முதல் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நான் 'கியென்கியென் பி' என்று படித்தேன். ஆன்ட்டி திருத்தினார். இங்கே பேசும் ட்வி மொழியில் அந்த எழுத்துச் சேர்க்கைக்கு 'ச' ஒலி, 'சென்சென் பி அடி மாவு' என்று சொல்ல வேண்டும். கிட்டார் ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சுழற்றும், மேலே கீபோர்டு மிதக்கும், அந்தக் குரல் வந்து உட்காரும்போது வயிற்றுக்குள் ஏதோ இறங்கும். இந்தப் பாட்டுக்காகவே எனக்கு இந்தப் பெட்டி வேண்டும்.

தட்டின் குறுக்கே நீளமான கீறல். ஒலிச் செயலியில் ஏற்றி, தானாகச் சொடுக்குச் சத்தம் நீக்கும் கருவியை முழுப் பக்கத்துக்கும் ஓட்டினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சுத்தமான ஒலி, படபடப்பே இல்லை. சந்தோஷமாகக் கீழே போனேன்.

ஆன்ட்டி கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல யாரோ ஒருத்தரைக் காணோம்ப்பா."

மேலே வந்து பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். அவர் சொன்னது சரி. பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டுகிறவர் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தார். மணி அடிக்கிறவர் துணியைச் சுற்றி அடிப்பது போல மங்கியிருந்தார். காரணம் எளிது. திடீரென்று எழுந்து சட்டென்று அடங்கும் கூர்மையான ஒலியைத்தான் அந்தக் கருவி கீறல் என்று பிடிக்கிறது. இரும்பு மணியில் குச்சி படும் கணமும் அப்படித்தான் இருக்கும். ஆப்பிரிக்க நடன இசையில் பாட்டு முழுவதையும் கட்டிப்பிடித்து நிற்பதே அந்த மணியும் கிலுகிலுப்பையும்தான். நான் அவற்றைத்தான் குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்தேன். இந்த முறை ஒலி அலையைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்தேன். எல்.பி. ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி. குறுக்குக் கீறல் என்றால் சொடுக்குச் சத்தம் 1.8 விநாடிக்கு ஒரு முறை தவறாமல் வரும். மணி பாட்டின் வேகத்தில் வரும், அதற்குத் தட்டின் சுற்று தெரியாது. ஆகவே 1.8 கணக்கில் அலையில் முள்போல் நீட்டி நிற்பதை மட்டும் கையால் பிடுங்கினால் போதும், மற்றதைத் தொடவே கூடாது. சின்ன 45களுக்கு இதே கணக்கு 1.33 விநாடி. 18 நிமிடப் பக்கத்தில் 600 சுற்று. என் கீறல் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடியிருந்தது, கிட்டத்தட்ட 200 முள். தினம் ராத்திரி ஒரு மணி நேரம் என்று ஒன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு முறை டம்சோர். கரண்டை 'அணை, ஏற்று' என்பதுதான் இங்கே மின்வெட்டுக்குப் பெயர். அதனால் இப்போது பத்து முள்ளுக்கு ஒரு தடவை சேமித்துவிடுகிறேன்.

இரண்டாவது முறை ஆன்ட்டி ஒன்றும் சொல்லவில்லை. தோள் மட்டும் லேசாக ஆடியது.

மே

மழை ஆரம்பம். பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தட்டுகளை எல்லாம் நிறுத்தி அடுக்கினேன்.

பெட்டியில் 1981க்குப் பிறகு வந்த தட்டு ஒன்றுகூட இல்லை. அந்த வருடம் டிசம்பர் 31இல் ராணுவப் புரட்சி, ராலிங்ஸ் ஆட்சிக்கு வந்தார். தொடர்ந்து ஊரடங்கு வந்தது. ராத்திரி வெளியே போக முடியாத ஊரில் யார் ஆடுவார்கள்? கிளப்புகள் மூடின, வாத்தியக்காரர்கள் லாகோஸுக்கும் ஹாம்பர்குக்கும் போனார்கள். ஜெர்மனிக்குப் போனவர்கள் சின்தசைசர் வைத்துச் செய்த புது ஹைலைஃபுக்கு 'பர்கர் ஹைலைஃப்' என்று பெயர் வந்தது. ஊரடங்கு எடுத்த பிறகு மற்ற ஸ்பின்னர்களுக்குத் தொழில் நன்றாகவே நடந்தது, பெரிய பேண்டைக் கூட்டிவருவதைவிட ஸ்பின்னர் மலிவு. ஆன்ட்டியின் கணவர் மட்டும் திரும்பவில்லை. ஆம்ப்ளிஃபயரை விற்று டாக்சி வாங்கியிருந்தார். ரிக்கார்டுகளை விற்கவில்லை.

ஜூன்

27ஆவது தட்டில் லேபிள் இல்லை. இரண்டு பக்கமும் காகிதம் போய் வெறும் கறுப்பு. வரிகளுக்குள் பல வருட அழுக்கு இறுகியிருந்தது, கழுவி அசையவில்லை. கடைசி வழியாகத் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை எடுத்தேன். உதவாத ஒரு தட்டில் முதலில் சோதித்தேன். மெல்லிசாகப் பூசியதால் காய்ந்த பிறகு துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. தாராளமாக, தோசை மாவு கனத்துக்கு ஊற்றிப் பரப்ப வேண்டும். மழைக்காலம் என்பதால் காய இரண்டு ராத்திரி பிடித்தது. ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்தபோது முழுவதும் ஒரே தோலாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தத் தோலிலும் வரி வரியாகப் பாட்டின் அச்சு, நடுவில் பழுப்பு அழுக்கு.

ஊசியை வைத்தேன். முதலில் மணி மட்டும் தனியாக. விரல்விட்டு எண்ணினேன். 12 எண்ணிக்கையில் 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அடி, மொத்தம் ஏழு. இங்குள்ள எவே மக்கள் காங்கோகுய் என்னும் இரட்டை மணியில் வாசிக்கும் அதே அமைப்பு. நான்கு சுற்று மணி தனியாக ஓடிய பிறகு பேஸ் கிட்டார் நுழைகிறது, அப்புறம் ஆர்கன், அப்புறம் இரண்டு பெண் குரல். அந்தப் பேஸ் மணியோடு சேராமல், ஆனால் மணியை விடாமல், பக்கத்திலேயே நடந்து வருகிறது. அன்று ராத்திரி ஆறு தடவை கேட்டேன்.

தட்டின் நடுவளையத்தில் ஆலையில் பொறித்த எண் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அதைக் குறித்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பட்டியல் எதிலும் அந்த எண் இல்லை.

ஜூலை, முதல் சனி

கீழே கொண்டுபோனேன். கீறல் எதையும் நீக்காத பதிவு. லேபிள் மழையில் ஊறிப்போயிருக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆன்ட்டி சிரித்துவிட்டார்.

"மழையா? அவரேதான் நாணயத்தால சுரண்டினார். பக்கத்துத் தெருவுல இன்னொரு ஸ்பின்னர். மேஜைகிட்ட வந்து எட்டிப் பார்த்துப் பேரை எழுதிட்டுப் போவான். அந்தப் பாட்டு எங்க வண்டியில மட்டும்தான் கேக்கணும்னு இவருக்குப் பிடிவாதம்."

பாடியது யார் என்று கேட்டேன். ஆன்ட்டிக்கும் தெரியாது. கணவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். கல்யாண வீட்டில் பெரியவர்கள் கிளம்பிப் போனதும் போடுகிற பாட்டு என்பது மட்டும் தெரியும்.

இரண்டாம் தடவை போடச் சொன்னார். மணி ஆரம்பித்ததும் கென்கே தட்டின் ஓரத்தில் விரல் நகத்தால் அதே ஏழு அடியைத் தட்டினார். நான் எண்ணி எண்ணிப் பிடித்ததை எண்ணாமலே வாசித்தார்.

இதுவரை 29 முடிந்தது. மிச்சம் 12, அதில் மூன்று வளைந்தவை, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து நிமிர்த்திப் பார்க்க வேண்டும். 27ஐ 'பெயரில்லை' என்றே சேமித்திருக்கிறேன். இரண்டாவது பெட்டியின் சாவி தையல் மெஷின் டிராயரில் இருக்கலாம் என்று ஆன்ட்டிக்கு இன்று ஞாபகம் வந்தது.