தமிழ் பிடிஎஃப்பை ஈபப் ஆக்கும் முன் ஒரு வரியை நகலெடுத்துப் பாருங்கள்

பிடிஎஃப்பை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் ஈபப் என்ற மின்னூல் கோப்பாக ஆக்கித் தரும் தளங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகம் என்றால் பெரும்பாலும் படிக்கிற மாதிரி வந்துவிடும், ஆனால் தமிழ்ப் புத்தகத்தை அப்படி மாற்றித் திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுநடுவே புள்ளி வட்டங்கள்.

தளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த உருவைத் தாளில் இந்த இடத்தில் வை என்பதுதான் பிடிஎஃப்புக்குள் முக்கியமாக இருக்கும். பத்தி எங்கே முடிகிறது என்ற தகவல்கூடப் பல கோப்புகளில் கிடையாது. கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, அப்புறம்தான் கொம்பு, தாளிலோ கொம்பு முன்னால் நிற்கிறது. தாளில் கண்ட வரிசையிலேயே எழுத்துகளை அள்ளினால் அந்தக் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், 'கோ' இரண்டாக உடையும்.

அதனால் மாற்றுவதற்கு முன்னால் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் ஒழுங்காக வந்தால் தைரியமாக மாற்றலாம், பக்க எண்ணும் தலைப்பும் வாக்கியத்துக்கு நடுவே வந்து விழுவதை மட்டும் அப்புறம் களைய வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது, என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி எழுத்து மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிய பிறகுதான் மற்ற வேலை. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் வெறும் படம். ஓசிஆர் செய்யாமல், அதாவது படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்காமல், எந்தத் தளத்தில் ஏற்றியும் பயனில்லை. கூகுள் டிரைவ் தமிழை ஓரளவு நன்றாகவே படிக்கிறது, ஆனாலும் மெய்ப்புப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு பாடும் படுவதற்கு முன் அந்தப் புத்தகம் வேறு வடிவில் இருக்கிறதா என்று தேடுவது நல்லது. தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல நூல்கள் யூனிகோடு வலைப்பக்கங்களாகவே இருக்கின்றன, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் நேரடியாக ஈபப்பே கிடைக்கிறது. ஈபப் என்பது வலைப்பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் கோப்புதான், ஆகவே வலைப்பக்கத்திலிருந்து அதற்கு மாறும்போது எழுத்து சிதைவதில்லை. நீங்களே எழுதிய புத்தகம் என்றால் பிடிஎஃப்பை விட்டுவிட்டு வேர்டு கோப்பிலிருந்து மாற்றுங்கள்.

ஆனால் இன்னும் வெளியாகாத கையெழுத்துப் பிரதியை முகம் தெரியாத தளத்தில் ஏற்ற வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். கோப்பு யாருடைய சர்வரில் எத்தனை நாள் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற மின்னூல் மாற்றும் மென்பொருள் இலவசம், நம் கணினியிலேயே ஓடுகிறது, கோப்பு வெளியே போவதில்லை. எழுத்துருவை ஈபப்புக்குள்ளேயே பதித்துவிடும் வசதியும் அதில் இருக்கிறது, தமிழ் எழுத்துரு சரியாக இல்லாத பழைய கருவிகளில் அது ரொம்பவே உதவும்.

கிண்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் மோபி என்ற பழைய மின்னூல் வடிவுக்கு மாற்றிக் கொண்டிருந்தால் அது இனித் தேவையில்லை. 2022இலிருந்து, கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் செண்ட் டு கிண்டில் சேவை ஈபப்பையே ஏற்றுக்கொள்கிறது.