பாலத்தைத் தகர்க்கப் போன நால்வர்

சென்ற வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடாமல் மழை கொட்டிய ஓர் இரவில், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தை மூன்றாம் முறையாகப் பார்த்தேன். 1957-இல் டேவிட் லீன் இயக்கத்தில் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற இப்படத்தில், ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்து, அந்த எதிரிக்காகக் கட்டிய பாலத்தின் மீதே பித்துக் கொள்ளும் ஆங்கிலேயக் கர்னலைத்தான் பலரும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்ததோ, அதைத் தகர்க்கக் காட்டுக்குள் இறங்கும் சிறு படையின் கதை. நால்வராகப் புறப்பட்டு, பாராசூட்டில் குதிக்கும்போதே ஒருவரை இழந்து, எஞ்சிய மூவரும் சயாமிய (தாய்லாந்து) சுமைகூலிப் பெண்களின் துணையோடு நடக்கிறார்கள். இரவில் ஆற்று நீருக்கடியில் மறைத்த வெடிக்கம்பி, விடியும்போது நீர் வடிந்து மணல்மேல் பளிச்சென்று கிடப்பதைக் காணும் கணத்தில் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது.

இதை முதலில் பார்த்தது 1970களின் இறுதியில், தோட்டத்து லயத்து வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், தாத்தாவின் அருகில் அமர்ந்து. அவர் சப்பான்காரன் காலத்தில், அதாவது ஜப்பான் மலாயாவை ஆண்டபோது, ரயில் பாதை வேலைக்குச் சயாமுக்குப் போய்த் திரும்பியவர். காலில் குண்டடிபட்ட அதிகாரியைத் தூக்குக்கட்டிலில் சுமந்து செல்லும் இடத்தில், "எங்கள்ல நடக்க முடியாதவன அங்கேயே போட்டுட்டு வரச் சொன்னான்டா" என்றார்.

படத்துப் பாலம் இடம்பெறும், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் நீள மரண ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் ஏறத்தாழ 12,000 போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைவிடப் பல மடங்கு. கைதிகளுக்கு அவர்களுடைய இராணுவ மருத்துவர்களாவது உடனிருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களை வாந்திபேதி வாரிக்கொண்டு போனபோது கேட்க நாதியில்லை. படத்தில் அவர்கள் இல்லை. மூலநாவலை எழுதிய பியேர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதை அறிந்தபோது, அந்த விடுபடல் எனக்கு இன்னும் உறுத்தியது.

படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில். உண்மையான பாலத்தை எந்தக் கமாண்டோவும் தகர்க்கவில்லை. 1945-இல் விமானங்கள் குண்டு வீசிச் சிதைத்தன. இவை தெரிந்த பிறகும் அந்தக் கடைசி அரைமணி நேரம் என்னை நாற்காலி நுனிக்கு இழுக்கத்தான் செய்கிறது.

தாத்தா அன்று அதைப் பார்க்கவில்லை. ரயிலின் ஊதல் கேட்டதுமே எழுந்து, காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) போகவேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.